நல்ல பல்லுக்கு ஒரு காகிதம்

சாய்மானம் இல்லாத நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்துப் போடச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். அதற்கு நன்றி. அறுபத்தெட்டு வயதிலும் நான் சாய்ந்து உட்காருவதில்லை. என் அப்பா முனிசாமியும் அப்படித்தான். டீ வேண்டாம். வலது பக்கக் கீழ்வரிசையில் கடைசிப் பல்லில் சூடு பட்டால் காது வரைக்கும் இழுக்கிறது. இந்த விஷயம் முழுவதும் அந்தப் பல்லில்தான் ஆரம்பித்தது. ஆகவே அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். திம்மராயன், தகப்பனார் பெயர் முனிசாமி. சுருக்கி 'மு. திம்மராயன்' என்று எழுத வேண்டாம். அந்தச் சுருக்கத்தால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். எங்கள் குடும்பத்தில் மணியம் மூன்று தலைமுறை இருந்தது. பரம்பரை மணியத்தை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகு, பரீட்சை எழுதி, கிராம நிர்வாக அலுவலராக அதே நாற்காலிக்கு வந்தேன். முப்பத்து நான்கு வருடம். பிறப்பும் இறப்பும் என் கையெழுத்தில்தான் பதிவாகின. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. பதிவேடுகள் இன்னும் அலுவலகத்தில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் ஊரில் என்னை மணியகாரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு திம்மராயன் மேல்தான் விழ வேண்டும். சாமி பெயர். எங்கள் ஊரில் மட்டும் பதினொரு பேர். அதில் ஒருவன் எங்கள் மாந்தோட்டத்தில் வேலை பார்த்த முனியப்பனின் மகன். நானும் அவனும் ஒரே வருடம், ஒரே திருவிழா வாரத்தில் பிறந்தோம். பையனுக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி என் அம்மா ஆள் அனுப்பினாராம். சாமிக்கு இருக்கிறது ஒரே பெயர்தான், வேண்டுமானால் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவன் அம்மா தெலுங்கில் பதில் சொல்லி அனுப்பினாளாம். அறுபத்தெட்டு வருடத்துக்கு முன்பே அந்தக் குடும்பத்தில் பேச்சு அப்படித்தான் இருந்தது. நான் அவனைத் திம்மா என்று கூப்பிடுவேன். முழுப்பெயர் சொன்னால் என்னையே நான் கூப்பிடுவது போல இருக்கும்.

திம்மன் ஐம்பது வயதுக்கு மேல் எங்கள் தோட்டத்தை விட்டு, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனான். அவன் மகள் கவிப்ரியா இன்னொரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். என் மகன் ஹரீஷ்குமார் அதே ஓசூரில் பல் டாக்டர். எங்கள் வம்சத்தில் முதல் டாக்டர். ஆஸ்பத்திரிப் பலகையில் 'டாக்டர் தி. ஹரீஷ்குமார்' என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அதில் 'தி.' என்பது நான்.

போன வருடம் புரட்டாசியில் எனக்குப் பல்வலி வந்தது. மகன் படம் எடுத்துப் பார்த்தான். வலது பக்கம் கீழே கடைசிப் பல், சொத்தை, பிடுங்க வேண்டும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் திம்மனுக்குப் பல்வலி. அவனுக்கு இடது பக்கம் மேலே. அவனும் என் மகனிடம்தான் போனான். கம்ப்யூட்டரில் மு. திம்மராயன் என்று தட்டியதும் என் படம் வந்துவிட்டது. ஊர் ஒன்று, வயது ஒன்று, இனிஷியல் ஒன்று. வாய் மரத்துப் போகிற ஊசி போட்டு, எனக்குப் பிடுங்க வேண்டிய பல்லை அவனுக்குப் பிடுங்கிவிட்டான் மகன். பாதியில் திம்மன் ஏதோ சொல்ல முயன்றானாம். வாய் மரத்திருக்கும்போது யாருக்குத்தான் பேச்சு தெளிவாக வரும்.

இதைப் பேசி முடித்திருக்கலாம். கவிப்ரியா விடவில்லை. சென்னையில் இருக்கிற பல் டாக்டர்கள் கவுன்சிலுக்கு அவள் அப்பா பெயரில் போனிலேயே புகார் அனுப்பிவிட்டாள். முன்பெல்லாம் முத்திரைத் தாள் வாங்கி, வக்கீலைப் பார்த்து, எழுதி அனுப்பவே ஆறு மாதம் ஆகும். அதற்குள் பாதிக் கோபம் தணிந்துவிடும். இப்போது ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவள் தன் கம்பெனிப் பழக்கத்தில் எழுதியிருந்தாள். 'குறை: தவறான பாகம் கழற்றப்பட்டது. மூல காரணம்: லேபிள் சரிபார்க்கப்படவில்லை. கழற்றப்பட்ட பாகத்தின் நிலை: நன்று.' கூடவே என் பல்லின் படத்தையும் ஆதாரமாக இணைத்திருந்தாள். என் சொத்தைப் பல் அரசாங்கக் கோப்புக்குள் போய்விட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நோட்டீஸ் வந்த விதம்தான் பொறுக்க முடியாதது. ஹரீஷ்குமாரின் நிரந்தர முகவரி எங்கள் ஊர் என்பதால் பதிவுத் தபால் ஊருக்கு வந்தது. புகார்தாரர்: மு. திம்மராயன். எதிர்தரப்பு: டாக்டர் ஹரீஷ்குமார், த/பெ மு. திம்மராயன். தபால்காரர் படித்தார். டீக்கடையில் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் பெற்ற மகன் மேல் மணியகாரர் சென்னைக்குப் புகார் கொடுத்துவிட்டார் என்று தளி வரைக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் தளியிலிருந்து என் தங்கை மருமகன் குருமூர்த்தி, கூட இரண்டு பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு, பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"பெத்த புள்ள மேல பிராது குடுக்குற அளவுக்கு என்னங்க மாமா ஆச்சு? சொத்துல ஏதாச்சும் கேட்டானா?"

"புகார் நான் கொடுக்கவில்லை. அது தோட்டத்துத் திம்மன்."

"சரிங்க மாமா. கோபத்துல குடுத்தது, இப்ப வெளிய சொல்ல முடியல. அத நாங்க கேக்கல. உள்ளுக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்னுதான் வந்தோம்."

அவர்கள் போன பிறகு என் மனைவி சரோஜம்மாள் பழங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "நெசமா நீங்க குடுக்கலதானே?" என்று கேட்டாள். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். அன்றிரவு எனக்குப் பல் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். "தப்பு என் மேலதான்ப்பா. அவருக்கு நானே எழுதிக் குடுத்துடறேன். கவுன்சில்லயும் அதையே சொல்லிடறேன். மிஞ்சிப் போனா ஒரு எச்சரிக்கை குடுப்பாங்க" என்றான். ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, திம்மனிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தான். வாங்கிக்கொண்டேன். கொடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, ஏனென்றால் அது ஓர் ஆவணம். நிலப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் வைத்தேன். கடிதம் சேர்ந்துவிட்டது என்று மகன் நினைத்துக்கொண்டான். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எச்சரிக்கைதானே என்று அவன் சொன்னது சரிதான். ஆனால் புதிய விதிப்படி எச்சரிக்கை வாங்கிய டாக்டர்களின் பெயரை இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுவிடுகிறார்கள். தகப்பன் பெயரோடு.

திம்மன் வீட்டுக்கு நானே போனேன். வாழ்க்கையில் முதல் முறை. அவன் மனைவி நாராயணம்மா கட்டிலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க சாமி. அறுவத்தெட்டு வயசுல என்கிட்ட நல்லதுன்னு சொல்லிக்க என்னங்க இருந்துச்சு? பல்லுதான். இந்த வயசுலயும் கரும்பு கடிப்பேன். ஒண்ணே ஒண்ணு வலிச்சுது. டாக்டர் நல்லதப் புடுங்கிட்டாரு. கம்பெனில அல்லாரும், உனக்கு வாயெல்லாம் சொத்த தாத்தா, அதான் புடுங்கிட்டாங்கன்னு சிரிக்கறாங்க. என் பல்லு நல்ல பல்லுதான்னு ஒரு காயிதம் குடுத்தாப் போதும்."

"அதற்கெல்லாம் காகிதம் கொடுக்கிற வழக்கம் இல்லை, திம்மா."

நான் உட்காராத கட்டிலை அவன் பார்த்தான். பிறகு, "நீங்க எங்க வாசலுக்கே வந்துட்டீங்க. வேற என்ன பண்றது. வாபஸ் வாங்கிக்கறேங்க" என்றான்.

இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அவன் வாபஸ் வாங்கத் தயாராக இருந்தான். என் பக்கத்திலோ அவன் பக்கத்திலோ எந்தத் தடையும் இல்லை.

மறுநாள் கவுன்சிலின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பிரேம்குமார் என்று ஒருவர் மரியாதையாகப் பேசினார். பெயர் கேட்டார். திம்மராயன் என்றேன். பொய் இல்லை.

"புகார்தாரரே பேசறீங்க. சொல்லுங்க சார்."

நான் திருத்தவில்லை. வாபஸ் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"வாபஸ் இப்ப இல்லீங்க சார். புது விதி. புகார் குடுத்தவங்கள ஊர்ல பெரிய ஆளுங்க மிரட்டி வாபஸ் வாங்க வெச்சுடறாங்கன்னு எடுத்துட்டாங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் சார்."

"என்னை யாரும் மிரட்டவில்லை."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. எனக்கு இங்க ஸ்க்ரீன்ல மூணுதான் சார் காட்டுது. ஒண்ணு, விசாரணையில் உள்ளது. ரெண்டு, உத்தரவு வழங்கப்பட்டது. மூணு, புகார்தாரர் மரணம். வாபஸ்னு ஒரு பட்டனே இல்ல. நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் நாங்க முடிக்க முடியாதுங்க சார்."

"மூன்றாவதற்கு என்ன ஆவணம் வேண்டும்?"

கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இறப்புச் சான்றிதழ் ஏத்துனாப் போதும் சார். ஆனா அத நீங்க ஏத்த முடியாதே" என்று சிரித்தார். நல்ல பிள்ளை.

விதியைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ராஜி, அதாவது சமாதானம், என்று ஒரு கதவை வைத்திருந்தால் திம்மன் அந்த வழியாக வெளியே போயிருப்பான். மூன்று கதவு வைத்தார்கள். நான் மூன்றாவதைத் திறந்தேன். அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் மாதேஷ். என்னிடம் உதவியாளராக இருந்து படிப்படியாக மேலே வந்தவன். நான் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி திம்மனை ஆதார் அட்டையோடு கூட்டிக்கொண்டு போனேன். திம்மனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். வாபஸ் என்பதற்கு இப்போது சர்க்காரில் மரணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். சர்க்கார் வைக்கிற பெயர்களில் இதைவிட விசித்திரமானவற்றை அவன் பார்த்தவன். தலையாட்டினான்.

மாதேஷ் படிவத்தை எடுத்தான். "செத்தது யாருங்க ஐயா?"

"நாந்தாங்க சார்" என்றான் திம்மன்.

மாதேஷ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "எப்பங்க ஐயா?" என்று என்னைக் கேட்டான்.

"இன்று காலை. இயற்கை மரணம்."

எழுதினான். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் யாரைப் போடுவது என்று சின்னச் சிக்கல் வந்தது. கடைசியில் திம்மனே கைநாட்டு வைத்தான். எழுதப் படிக்கத் தெரியும், ஆனாலும் தன் சாவுக்குத் தானே கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். போகும்போது மாதேஷ் பழக்க தோஷத்தில் அவனைப் பார்த்து, "வருத்தப்படாதீங்க" என்றான். சான்றிதழைக் கவுன்சிலுக்கு அனுப்பிவைத்தேன்; அங்கிருந்து பத்து நாளில் இரண்டு வரி உத்தரவு வந்தது. புகார் முடிக்கப்பட்டது, ஆழ்ந்த இரங்கல். கீழே என் மகனின் பெயர், எந்தக் குறிப்பும் இல்லாமல் சுத்தமாக.

எல்லாம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது ஒரு பதிவேட்டில் எழுதினால் ஒன்பது கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. என் காலத்தில் ஒருவன் செத்தால் ஊருக்குத் தெரியும், தாலுக்காவுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். இப்போது தலைகீழ். ரேஷன் கடை இயந்திரம் திம்மனின் கட்டைவிரலை ஏற்கவில்லை. ஒப்பந்தக்காரர் அவன் பெயரை எடுத்துவிட்டார். வலிக்கிற பல் அவன் வாயில் அப்படியே இருந்தது. அதைப் பிடுங்க வேறு ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டு அட்டையோடு போனான். கவுண்டரில் இருந்த பெண் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறந்தவர்களுக்குப் பல் பிடுங்க இதில் இடமில்லை என்றாளாம். ஆக, இரண்டு திம்மராயனுக்கும் பல்வலி. எனக்கு வலது, அவனுக்கு இடது.

கவிப்ரியாவின் கம்பெனிக் காப்பீட்டில் அவள் அப்பா பெயர் இருந்தது. அது தானாகச் சிவப்பாகிவிட்டதாம். மேனேஜர் கூப்பிட்டு வருத்தம் சொல்லி, கேட்காமலே மூன்று நாள் துக்க விடுப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து வீட்டுக்குள் நுழைந்தால், அப்பன் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

பின்னாலேயே அவளோடு வேலை பார்க்கிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்துவிட்டார்கள். 'கண்ணீர் அஞ்சலி, மு. திம்மராயன்' என்று பேனர் வேறு. பஸ் ஸ்டாப்பில் திம்மராயன் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய வீட்டைக் காட்டிவிட்டார்கள். நான் தோட்டத்திலிருந்து வரும்போது எங்கள் வாசலில் பேனர் கட்டியிருந்தது. சரோஜம்மாள் கையில் ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். வந்திருந்த பெண்களில் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்குள் போனேன். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

அன்று மாலை கவிப்ரியா வந்தாள். அந்தப் பெண் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"எங்கப்பாவ எழுப்பிக் குடுங்க சார்."

"உன் அப்பா சம்மதித்துத்தான் போட்டது."

"எங்கப்பா நீங்க சொன்னா எதுக்குத்தான் சம்மதிக்க மாட்டாரு? உங்க தோட்டத்துல முப்பது வருசம் அதத்தான பண்ணுனாரு. நாளைக்கே மனு போடறேன் சார். யாரு எழுதுனது, யாரு கூட்டிட்டுப் போனது, எல்லாம் வரும்."

போட்டாள். மாவட்ட அலுவலகத்தில் ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி, காலை பதினொரு மணிக்கு விசாரணை. திம்மன் நேரில் வந்து தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டினால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் கவுன்சிலில் புகார் மறுபடி திறக்கும். பல்லில் முடிந்திருக்க வேண்டியது மோசடி வரைக்கும் போகும். மாதேஷ் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நா உள்ள போயிடுவேங்க ஐயா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்று அழுதான்.

நான் நிதானமாக யோசித்தேன். பதிவேட்டுக்கும் நடப்புக்கும் முரண்பாடு வந்தால் இரண்டில் ஒன்றைச் சரி செய்ய வேண்டும். பதிவேட்டைச் சரி செய்தால் அடித்தல் விழும். எங்கள் ஊர் இறப்புப் பதிவேட்டில், என் அப்பா காலத்திலிருந்து, ஓர் அடித்தல் இல்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், எழுபது நாளாக ஒரு பொய்ப் பதிவு அங்கே உட்கார்ந்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. நான் பொய் எழுதுகிறவன் இல்லை.

இருபத்து நான்காம் தேதி காலை ஏழரைக்கு பஸ் ஸ்டாப்பில் திம்மன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, பையில் ஆதார் அட்டை, பஸ் பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறை. கவிப்ரியா ஓசூரிலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாளாம். ஏறு என்று காரின் முன் சீட்டைத் திறந்துவிட்டேன். அவனும் அவன் அப்பனும் எங்கள் வண்டியில் முன்னால் உட்கார்ந்ததில்லை. தயங்கினான். பிறகு துண்டால் சீட்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். வழியில் தோட்டத்தில் நிறுத்தினேன். பெங்களூரா மாங்காய் இந்த வருடம் நல்ல பிடிப்பு. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். அந்தக் கிணற்றை வெட்டும்போது மண் சுமந்தவர்களில் முனியப்பனும் ஒருவர். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறது, கட்ட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே வைத்துத்தான் மகனின் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். அவனுக்குச் சேர வேண்டியது அவனுக்குச் சேர்ந்துவிட வேண்டும். யாருடைய ஆவணத்தையும் நான் வைத்துக்கொண்டதில்லை.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வெளிச்சத்துக்காக விளிம்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். 'திரு. மு. திம்மராயன் அவர்களுக்கு. நான் பிடுங்கியது நல்ல பல். தவறு என்னுடையது. உங்கள் வாயில் இருந்த முப்பத்திரண்டு பற்களில் முப்பத்தொன்று இந்த வயதில் நான் பார்த்திராத அளவுக்கு உறுதியாக இருந்தன.' இதைப் படிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆனது. நான் காத்திருந்தேன். ஒருவன் படித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே எதுவும் செய்வது மரியாதை இல்லை.

படித்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டான். சிரித்தான். அந்தப் பக்கம் ஓர் ஓட்டை தெரிந்தது.

"முப்பத்தொண்ணுன்னு எண்ணி எழுதியிருக்காரு பாருங்க சாமி. டாக்டர் தங்கமான மனுசன். இது போதுங்க. இனி எனக்கு எந்தக் கேசும் வேணாம்."

"வாபஸ் என்று ஒரு பட்டன் கிடையாது, திம்மா."

"அதுக்கென்னங்க. நா ஆபீசுப் பக்கமே வரல. செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். ரேசன் நாராயணி பேர்ல வாங்கிக்கறோம். பாப்பாகிட்ட நா சொல்லிக்கறேன்."

கடிதத்தை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை, இன்ஸ்பெக்டர். ஆனால் அது வாய்ப்பேச்சு. முப்பத்து நான்கு வருடத்தில் வாய்ப்பேச்சை ஆதாரமாக நான் ஏற்றதில்லை. தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது பார் என்றேன். அவன் குனிந்து பார்த்தான். எனக்கு முதுகு வளையாது, ஆகவே கைத்தடியைப் பயன்படுத்தினேன். அதிக பலம் தேவைப்படவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டான். சாமி என்றுதான் கூப்பிட்டான்.

பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே கிருஷ்ணகிரி அலுவலகத்தில் இருந்தேன். கவிப்ரியா வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா பஸ் ஏறுனதப் பாத்தீங்களா சார்?" என்றாள். பஸ் ஏறியதை நான் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மை. உள்ளிருந்து ஒருவர் வந்து, "மு. திம்மராயன், மு. திம்மராயன், மு. திம்மராயன்" என்று மூன்று முறை கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. மனுதாரர் ஆஜராகாததால் மனு தள்ளுபடி, பதிவு செல்லும் என்று எழுதினார்கள். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் ஊர்ப் பதிவேட்டில் பொய் எதுவும் இல்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். மாங்காய் குத்தகை எடுத்த சின்னராஜ் மூன்றாம் நாள் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொன்னான். சடலத்துக்கு இறப்புப் பதிவு செய்யப் போனால், இந்த நபர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டதாம். உங்கள் ஏட்டு என்னிடமே வந்து யோசனை கேட்டார். சட்டைப் பையில் நனையாமல் இருந்த கடிதத்தில் ஹரீஷ்குமாரின் கையெழுத்து இருந்ததால் அவனை முந்தாநாள் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இன்னும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வரும்போது பார்த்தேன். என்னை அப்பா என்று கூப்பிட்டான். எதிர் பெஞ்சில் கவிப்ரியா இருக்கிறாள். அந்தக் கடிதத்தைத் திருப்பித் தருவீர்களா என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மகனுக்காக நான் வந்ததாக நீங்கள் எழுதலாம். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவன் படித்தவன், கேட்டதற்குப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்று இரண்டு நாள் நான் வீட்டில்தான் இருந்தேன்.

இன்று காலைப் பேப்பரைப் பார்த்தீர்களா? நான்காம் பக்கம், வலது மூலை. 'பல் டாக்டர் மகன் மீது புகார் கொடுத்த மு. திம்மராயன் கிணற்றில் விழுந்து தற்கொலை.' ஆறரை மணியிலிருந்து போன். பெங்களூரிலிருந்து என் சம்பந்தி அழுதார். எட்டு மணிக்குக் குருமூர்த்தி மாலையோடு வந்து, நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா, காப்பாத்திட்டாங்களா?" என்றான். சரோஜம்மாள் மாலையை வாங்கி உள்ளே வைத்தாள். பழகிவிட்டது.

ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். முனியப்பன் மகன் திம்மராயன் விழவில்லை. முனிசாமி மகன் திம்மராயன் ஆகிய நான், முழு நினைவோடு, பகலில், என் சொந்தக் கிணற்றில் அவனைத் தள்ளினேன். இறந்த தேதி மட்டும் பிப்ரவரி பன்னிரண்டு என்றே இருக்கட்டும், பதிவேட்டில் கை வைக்க வேண்டாம். பேப்பர்காரர்களிடம் இனிஷியலைத் தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கிணற்றில் விழுந்ததில்லை.